திரும்ப வருவன நீக்கப்படும்

ஏரிமுனைச் சமூகக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் ஆர்வோ லாட்டியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். எழுபது வயது தாண்டிய மனிதர், ஆயுள் முழுக்க மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர், இப்போது எதற்காக நிலவியல் படிக்க வருகிறார்?

"கல்லப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்னுதான்," என்றார் ஆர்வோ.

சுத்தப் பொய். கல்லைப் பற்றி அவருக்கு எந்த அக்கறையும் கிடையாது. அவர் வீட்டில் ஜன்னல் விளிம்பில் கல், குளியல் தொட்டி ஓரத்தில் கல், வாசலில் பனிக்காலணி வைக்கும் தட்டில் கல். அத்தனையும் பெரிய ஏரியின் கரையிலிருந்து அவர் மனைவி மார்லிஸ் கோட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தவை. இருட்டில் அவற்றை மிதித்து அவர் திட்டாத நாளில்லை. மார்லிஸ் அதே கல்லூரியில் நிலவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். போன இலையுதிர் காலத்தில், மேப்பிள் இலைகள் கொட்டி முடிப்பதற்குள், போய்விட்டாள்.

போன பிறகுதான் ஆர்வோவுக்கு ஒன்று உறைத்தது. வீட்டில் அவள் கல் இருக்கிறது, கோட்டு இருக்கிறது, பாதி பின்னிய கையுறை இருக்கிறது. குரல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அவளுக்குத் தொலைபேசி பிடிக்காது. பதிலளிக்கும் கருவியில் பேசி வைத்திருப்பது ஆர்வோதான். கல்யாணப் படச்சுருளில் ஓசை கிடையாது. அதில் அவள் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், அவ்வளவுதான். ஒரு மாதம் தேடிய பிறகு அவருக்கு நினைவு வந்தது. ஊரெல்லாம் நோய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த வருடத்தில், அவள் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு பாடம் முழுவதையும் பேசிப் பதிவு செய்தாள். அந்த வருடம் முழுக்க ஆர்வோ காலுறையோடு பூனை மாதிரி நடந்தார். அந்தப் பதிவுகள் கல்லூரியில் இருக்கின்றன. அங்கே படிப்பவர்கள் மட்டும்தான் கேட்கலாம்.

ஆகவே சேர்ந்துவிட்டார்.

மேலே போவதற்கு முன், டுலூத் என்ற இந்த ஏரிக்கரை ஊர்க்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. அங்கே யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான், ஆனால் குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொல்லலாம். மூன்றாம் தடவை கேட்டால், "சரி, உங்களுக்குச் சிரமமில்லன்னா," என்று வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் கை நீட்டுகிறவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். மூன்றாம் தடவை கேட்காதவனைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; அவன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிடுவார்கள்.

ஆர்வோவின் கல்யாணமே அப்படி நடந்ததுதான். ஒரு பனிப்புயலில் மார்லிஸின் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அவர் வண்டியை நிறுத்தி, "ஏறிக்கிறீங்களா?" என்றார். முழங்கால் பனியில் நின்றபடி, உதடு நீலம் பாரித்த நிலையில், "வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றாள். இன்னொரு தடவை கேட்டார். "பரவாயில்ல, நடந்துக்குறேன்," என்றாள். அடுத்த வீடு ஆறு மைல். மூன்றாவது தடவை கேட்டதும் ஏறிக்கொண்டாள். இரண்டோடு நிறுத்தியிருந்தால் அவளும் பிழைத்திருக்க மாட்டாள், இவரும் பிரம்மச்சாரியாகவே இருந்திருப்பார்.

முதல் சில வாரங்கள் ஆர்வோ உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அதே சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு பாடத்தைக் கேட்பார். மார்லிஸ் எரிமலைக் குழம்பைப் பற்றிப் பேசுவாள். பின்னால் குளிர்பெட்டி முனகும். அதே குளிர்பெட்டி இப்போதும் அதே சுருதியில் முனகும். பாடம் ஒரு எழுத்தும் மண்டையில் ஏறாது. ஆனாலும் ஒழுங்கான மாணவராகத் தேர்வெல்லாம் எழுதினார். அவள் பாடத்தில் தோற்றுவிட்டு அவள் படத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

பிறகு "பாதை" என்ற கணினிச் செயலி வந்தது.

அதன் தொடக்க விழா உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. கற்றல் பாதைகளுக்கான டீன் முனைவர் டேரல் ஸ்பைவி பேசினார். வெயில் காயும் அரிசோனாவிலிருந்து போன கோடையில் வந்தவர். ஜனவரி மாதத்திலும் மெல்லிய கோட்டோடு நடுங்கிக்கொண்டே சிரிக்கும் தைரியசாலி.

"நண்பர்களே, எத்தனையோ நூற்றாண்டா ஆசிரியர்கள் முதல் பாடத்தை முதல்லயும் ரெண்டாம் பாடத்தை ரெண்டாவதாவும் நடத்திக்கிட்டு இருந்தாங்க. ஏன்னு யாராவது கேட்டோமா? கேக்கல! இனிமே நம்ம கல்லூரியில இருக்கிற மொத்தப் பாடத்தையும் 'பாதை' தானே படிக்கும், தானே வெட்டும், தானே வரிசைப்படுத்தும். மனுஷக் கையே படாது. சிலர் கேக்குறாங்க, பாடத்தைத் தெரிஞ்சவங்க பாக்க வேண்டாமான்னு. நான் இதுவரைக்கும் ஒரு பாடத்தைக்கூடப் பாத்ததில்ல. அதனாலதான் எனக்கு எந்தப் பாடத்து மேலயும் பாரபட்சம் கிடையாது!"

கைதட்டினார்கள். வரலாற்று ஆசிரியர் ஒருவர் எழுந்து, மாணவர்கள் நடுவில் குழம்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"குழப்பமும் ஒரு பாதைதான்," என்றார் டீன்.

வரலாற்று ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் எழுந்து நின்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆர்வோ கணினியைத் திறந்தால் பாடங்களைக் காணோம். அவற்றுக்குப் பதிலாக "அறிவுக் கவளங்கள்" இருந்தன. ஒவ்வொரு கவளமும் மூன்று நிமிடம். அதற்கு மேல் மனிதர்களால் விழுங்க முடியாது என்று "பாதை" கண்டுபிடித்திருந்தது. முதல் கவளத்தை அழுத்தினார்.

"...அதனாலதான் சொல்றேன், அதை மட்டும் தொட்டுடாதீங்க," என்றாள் மார்லிஸ். முடிந்தது.

எதைத் தொடக் கூடாது? அது வேறு கவளத்தில் இருந்தது. அந்தக் கவளம் வேறு பாதையில் இருந்தது. எரிமலை என்றால் ஆபத்து, ஆபத்து என்றால் காப்பீடு. ஆகவே எரிமலைக் கவளங்களைக் "காப்பீட்டு முகவர் பாதை"யில் சேர்த்துவிட்டது. இரும்புத் தாது துருப்பிடிப்பது "கார் பழுதுபார்ப்போர் பாதை"க்குப் போயிற்று. ஏரியைத் தோண்டிய பழைய பனிப்பாளம், வேறெங்கே போகும், "குளிர்சாதனப் பழுது பாதை"க்குத்தான். ஏரியென்றால் சுற்றுலா, ஆகவே ஏரி மொத்தமும் "விடுதி நிர்வாகப் பாதை"க்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு பாதையிலும் முன்னால் இருப்பதை முடித்தால்தான் அடுத்தது திறக்கும்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். ஆர்வோ பனி தள்ளியவர். தள்ளிய இடத்தில் மறுபடி பனி விழுந்தால் மறுபடி தள்ள வேண்டும் என்பதுதான் அவர் அறிந்த ஒரே தத்துவம். நான்கு பாதைகளிலும் சேர்ந்துகொண்டார்.

பனிப்பாளத்தைப் பற்றி மார்லிஸ் பேசும் மூன்று நிமிடத்துக்காகக் குளிர்பெட்டியின் வாயுக் குழாயை மாற்றக் கற்றுக்கொண்டார். எரிமலைக்காக, விபத்தில் இறந்தவரின் மனைவிக்கு ஆறுதல் கடிதம் எழுதும் முறையைக் கற்றுக்கொண்டார். இறந்தவளின் கணவனுக்கு என்று மாதிரி எதுவும் இல்லை. விடுதிப் பாதையில் படுக்கை விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவது ஒரு பாடம். மார்லிஸ் இருந்தவரை ஒரு நாளும் படுக்கை விரிக்காத மனிதர், வீட்டுக் கட்டிலில் பழகிப் பார்த்தார். அவள் பக்கத்து மூலையையும் மடித்துச் செருகிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நடைமுறைத் தேர்வில் முழு மதிப்பெண்.

படுக்கைக்குப் பிறகு திறந்த பாடத்தின் பெயர் "விருந்தினரின் மறுப்பை மதித்தல்".

ஒரு சமையலறை ஓசை கேட்டது. தூரத்திலிருந்து ஓர் ஆண்குரல், "காபி?" என்றது.

"வேண்டாம்," என்றாள் மார்லிஸ்.

அவ்வளவுதான். பிறகு அறிவிப்பாளரின் வழவழப்பான குரல் வந்தது: "கவனித்தீர்களா? பணியாளர் ஒரு முறை கேட்டார். விருந்தினர் மறுத்தார். பணியாளர் உடனே விலகிக்கொண்டார். இதுவே சிறந்த சேவை."

அந்தப் பணியாளர் தான்தான் என்று ஆர்வோவுக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அந்த நாள் முழுதாக நினைவுக்கு வந்தது. ஏரிக்கரையில் கிடைக்கும் சிவப்புக் கோடு போட்ட கல்லைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருந்தாள். பதிவு நடப்பதை மறந்து அவர் காபி வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள். "கொஞ்சமா?" என்றார். வேண்டாம் என்றாள். "ஊத்திட்டேன்," என்றார். அப்போது சிரித்தாள் பாருங்கள், மூக்கால் ஒரு சத்தம் வரும்படி, அவளுக்கே பிடிக்காத அந்தச் சிரிப்பு. "கொண்டாங்க, சிரமமில்லன்னா," என்றாள். பிறகு கல்லை விட்டுவிட்டு, இந்த மனிதர் என்னைப் பனியில் மூன்று தடவை கேட்டுத்தான் வண்டியில் ஏற்றினார் என்று மாணவர்களிடம் அந்தக் கதை முழுவதையும் சொன்னாள். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்று கேட்டார்.

திரையில் கேள்வி வந்திருந்தது. "விருந்தினர் வேண்டாம் என்றால் என்ன செய்ய வேண்டும்? அ) விலக வேண்டும். ஆ) மறுபடி கேட்க வேண்டும்." மிச்சம் அடுத்த கவளத்தில் இருக்கும் என்ற அவசரத்தில் ஆர்வோ 'அ' என்று அழுத்தினார். "சரியான விடை!" என்றது "பாதை". அடுத்த கவளம் துண்டு மடிப்பதைப் பற்றியது.

மறுநாள் காலை அவர் நேராகக் கல்லூரிக்குப் போனார். கெய்லா ஷோபெர்க் என்ற இளம்பெண் அங்கே "வெற்றித் துணைவர்" என்ற பதவியில் இருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததுமே ஒரு டப்பாவை நீட்டினாள்.

"எலுமிச்சை கேக். எங்கம்மா செஞ்சது. எடுத்துக்குறீங்களா?"

"இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்மா."

"சின்னத் துண்டுதான்."

"உனக்கு வேணுமே."

"நீங்க எடுக்கலன்னா நான் மூடி வெச்சிடப் போறதில்ல, சொல்லிட்டேன்."

"சரி, சிரமமில்லன்னா," என்று எடுத்துக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

கெய்லா நெடுநேரம் திரையைத் துழாவினாள்.

"கண்டுபிடிச்சிட்டேன். 'பாதை'க்கு ஒண்ணே திரும்பத் திரும்ப வந்தா ஆகாது. திரும்ப வர்றத எடுத்துடும். நீங்க மூணு தடவ கேட்டிருக்கீங்களா? முதல் தடவைய வெச்சிக்கிட்டு மத்ததத் தூக்கிடுச்சி."

"சிரிப்பு ஒரு தடவதானே வந்துச்சு?"

"சிரிப்பு..." அவள் தயங்கினாள். "'பாட நோக்கத்துக்குப் பொருந்தாத ஒலி'ன்னு போட்டிருக்கு. கல்யாணக் கதையையும் அதுலதான் சேத்திருக்கு. விடுதிப் பாடத்துல சேக்குறதுக்கு முன்னாடி உங்க குரலுக்குக்கூட 'சமையலறை இரைச்சல்'னுதான் பேரு."

"அது தப்பில்ல," என்றார் ஆர்வோ. "மார்லிஸும் அப்படித்தான் சொல்லுவா."

வெட்டாத அசல் பதிவு கல்லூரிக் கிடங்கில் இருப்பதாகவும் தெரிந்தது. அதைப் பிரதி எடுத்துக் கொடுக்க டீனின் அனுமதி வேண்டும். ஆர்வோ அன்றே ஒரு கோரிக்கை அனுப்பினார். "பாதை" அதை வாங்கிப் படித்து, இவருக்குத் தேவை என்ன என்று ஆராய்ந்து, "கோரிக்கை எழுதும் கலை" என்ற பாதையில் அவரைச் சேர்த்துவிட்டது. டீனை நேரில் பார்க்கப் போனால் அறைக் கதவில், "தலைமைப் பண்பு என்பது கண்ணில் படாமல் இருப்பது" என்று எழுதியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

அதைவிட மோசமான செய்தியைக் கெய்லா இரண்டு நாள் கழித்துச் சொன்னாள்.

"ஆர்வோ, நிலவியல் பாதையில இப்ப நீங்க ஒரு ஆள்தான் இருக்கீங்க. மத்தவங்கள எல்லாம் 'பாதை' வேற எங்கெங்கயோ திருப்பி விட்டுடுச்சி. கடைசி மாணவர் முடிச்சிட்டாருன்னா அசல் பதிவு அழிஞ்சிடும். இடத்த அடைக்குதாம். நீங்க எவ்வளவு முடிச்சிருக்கீங்க?"

"கடைசித் தேர்வு ஒண்ணுதான் பாக்கி."

"அத எழுதிடாதீங்க. எழுதினாலும் தேறிடாதீங்க."

ஆர்வோவின் முகம் தெளிந்தது. "தோத்துப் போறதா? அது என்னால முடியும்மா. பள்ளிக்கூடத்துல பூரா அதத்தான் செஞ்சேன்."

பாவம், அவர் பழைய காலத்து மனிதர். தோற்பது இப்போது அவ்வளவு சுலபமில்லை. எத்தனை பேர் முடித்தார்கள் என்று தலையை எண்ணித்தான் அரசாங்கம் கல்லூரிக்குப் பணம் கொடுக்கிறது. ஒரு மாணவன் தோற்பதற்குக் கல்லூரியில் ஒருவருக்கும் அனுமதி கிடையாது, மாணவனுக்கும்தான்.

எல்லாக் கேள்விக்கும் தப்பான விடையைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார் ஆர்வோ. "பாதை" அதைப் பார்த்து, கேள்விகள்தான் கடினம் என்று முடிவு செய்து, எளிதாக்கி அனுப்பியது. அதற்கும் தப்பாகவே எழுதினார். படம் போட்டு அனுப்பியது. படத்துக்கும் தப்பு. இத்தனை கேள்விக்கும் ஒன்றுவிடாமல் தப்பாக எழுதுகிறவருக்குச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, பாதி மதிப்பெண் கொடுத்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி வந்தது.

"கீழ்க்கண்டவற்றுள் கல் எது? அ) கல். ஆ) இதுவும் கல். இ) மேற்கண்ட இரண்டும்."

ஆர்வோ ஜன்னல் விளிம்பில் இருந்த கற்களைப் பார்த்தார். எதையும் தொடாமல் கணினியை மூடினார். இரண்டு வாரம் திறக்கவே இல்லை. திறந்தபோது வாழ்த்துச் செய்தி காத்திருந்தது. "நீண்ட மௌனம்: ஆழ்ந்த சிந்தனை. முழு மதிப்பெண். நிலவியல் பாதையை நிறைவு செய்யும் முதல் மாணவர் நீங்கள்தான்! வசந்தகால விழாவில் டீன் அவர்களே மேடையில் பொத்தானை அழுத்திப் பாதையை நிறைவு செய்வார்."

அன்று மதியம் கெய்லா வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் வேலையையும் "பாதை" வரிசைப்படுத்தி முடித்திருந்தது. மாணவர்களை ஊக்குவிப்பது என்றால் "உங்களால் முடியும்" என்று சொல்வதுதான், அதைத் தானே சொல்லிக்கொள்வதாக அது அறிவித்துவிட்டது. வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு வேலை இல்லை.

"என் கதைய விடுங்க. மேடையில டீன் உங்கள ஒரு கேள்வி கேப்பாரு. 'கல்லூரி உங்களுக்கு வேற என்ன செய்யணும்?'னு. எல்லாரையும் கேப்பாரு, அது அவரோட பேச்சுலயே இருக்கு. அப்ப சொல்லிடுங்க, பதிவு வேணும்னு. ஊரே பாக்கறப்ப அவரால மாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா, ஆர்வோ, அவரு அரிசோனாக்காரரு. ஒரு தடவதான் கேப்பாரு."

"தெரியும், தெரியும்."

"சொல்லிப் பாப்போம். மிஸ்டர் லாட்டி, கல்லூரி உங்களுக்கு வேற என்ன செய்யணும்?"

"ஐயோ, ஒண்ணும் வேண்டாம்மா, நீ இவ்வளவு தூரம் வந்ததே..."

"ஆர்வோ!"

"மறந்துட்டேன். மறுபடி கேளு."

"மறுபடி கேக்க மாட்டாங்க! அதத்தானே சொல்றேன்!"

அன்று முழுக்கப் பழகினார்கள். அவள் கேட்க, அவர் வியர்த்துக்கொண்டு, பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி, "எனக்கு... என் மனைவியோட... பதிவு வேணும்," என்று சொல்லப் பழகினார். மாலையாவதற்குள் ஓரளவு தேறிவிட்டார். கெய்லா கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விழாவுக்கு ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தேவாலயத்து ஆட்கள், அவரோடு வண்டி ஓட்டியவர்கள், அடுத்த வீட்டு நியூபெர்க் தம்பதி. கெய்லா கடைசி வரிசையில் நின்றாள். ஆர்வோ கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் பையில் ஒரு கல் இருந்தது. மார்லிஸ் எப்போது போட்டாளோ தெரியாது. மேடையில் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

டீன் ஸ்பைவி அவர் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"நண்பர்களே, இவர் நிலவியல் படிக்க வந்தவர். இன்னைக்கு இவருக்குக் குளிர்பெட்டி பழுது பாக்கத் தெரியும். படுக்கை விரிக்கத் தெரியும். ஆறுதல் கடிதம் எழுதத் தெரியும். நிலவியல் மட்டும் தெரியாது. இதுதாங்க பரந்த கல்வி!"

கைதட்டல்.

"இந்தப் பாடங்கள யாரோ ஒருத்தர் ரொம்ப வருஷம் முன்னாடி பதிவு செஞ்சாங்களாம். யாருன்னு எனக்குத் தெரியாது. 'பாதை' முதல் வேலையா ஆசிரியர் பேர எடுத்துடும். அறிவுக்குப் பேர் எதுக்கு? அவங்க எங்க இருந்தாலும், தன்னோட பாடம் இன்னும் எளிமையான வழியில எல்லாருக்கும் போய்ச் சேந்துடுச்சின்னு சந்தோஷப்படுவாங்க."

முன்வரிசையில் திருமதி நியூபெர்க் கைக்குட்டையை எடுத்தாள். மார்லிஸ் எங்கே இருக்கிறாள் என்று அந்தக் கூடத்தில் டீனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவளைப் புதைத்த அன்று ஹாம் சாண்ட்விச் செய்து கொண்டுவந்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"மிஸ்டர் லாட்டி, சொல்லுங்க. கல்லூரி உங்களுக்கு வேற என்ன செய்யணும்? எது வேணும்னாலும் கேளுங்க!"

ஒலிவாங்கி வாய்க்கு முன்னால் வந்தது. கடைசி வரிசையில் கெய்லா இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். ஆர்வோ வாயைத் திறந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்தான் அவரை வளர்த்தது. அதன் முன்னால் ஒரு மனிதன் முதல் தடவையிலேயே எப்படிக் கை நீட்டுவான்?

"ஒண்ணும் வேண்டாங்க," என்றது அவர் வாய். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

சொன்ன மாத்திரத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்காக நின்றார். கூடத்தில் இருந்தவர்களுக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. எல்லாரும் டீனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் இரண்டாம் தடவை கேட்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். "வேணும்னு சொல்றாரு! அவருக்கு வேணும்!" என்று கத்திக்கொண்டே கெய்லா நாற்காலிகளுக்கு நடுவே ஓடிவந்தாள்.

அவள் சத்தம் கைதட்டலில் அமுங்கிப்போயிற்று. முதலில் தட்டியவர் டீன்தான். "பாத்தீங்களா! தேவை எதுவுமே இல்ல! முழுத் திருப்தி!" என்றபடி பொத்தானை அழுத்தினார். பின்னாலிருந்த பெரிய திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. "நிலவியல்: நிறைவு. கிடங்கில் இடம் மீட்கப்பட்டது."

காபி மேசையருகே ஆர்வோ டீனைப் பிடித்தார்.

"சிரமமில்லன்னா, ஒரு பதிவு வேணும். என் மனைவி..."

"அடடா, அது அழிஞ்சிடுச்சே! நான்தான் கேட்டேனே, மிஸ்டர் லாட்டி, மேடையிலேயே?"

"ஒரு தடவதான் கேட்டீங்க."

டீன் குழப்பத்தோடு அவரைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "ஒரு தடவை கேட்டாப் போதாதா?" என்றார்.

ஆர்வோ கோட்டைச் சரி செய்துகொண்டு வாசலுக்கு வந்தார். ஏரிப் பக்கமிருந்து ஈரக் காற்று அடித்தது. கெய்லா பின்னாலேயே வந்தாள். அழுததில் மூக்கு சிவந்திருந்தது.

"வீட்டுல கொண்டு விடட்டுமா, ஆர்வோ?"

"சரி," என்றார்.

முதல் தடவையிலேயே சொன்னார். அதைக் கேட்டதும் கெய்லாவுக்குப் பயமாகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி, கல்லை எடுத்து மற்ற கற்களோடு ஜன்னல் விளிம்பில் வைத்தார். சமையலறை மேசையில் கணினி அப்படியே இருந்தது. நிலவியல் என்று இருந்த இடம் காலியாக இருந்தது. விடுதி நிர்வாகப் பாதை மட்டும் இன்னும் திறந்திருந்தது; அதில் நிறைய மாணவர்கள். படுக்கையைத் தாண்டி, துண்டு மடிப்பதற்கு முந்தின பாடத்துக்குப் போனார்.

"காபி?" என்றது அவர் குரல்.

"வேண்டாம்," என்றாள் மார்லிஸ்.

விருந்தினர் வேண்டாம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று திரை கேட்டது. ஆர்வோ இந்தத் தடவை அவசரப்படவில்லை. 'ஆ' என்று அழுத்தினார். மறுபடி கேட்க வேண்டும்.

"தவறான விடை," என்றது "பாதை". "பாடத்தை மீண்டும் கவனியுங்கள்."

கேள்வியை அது எளிதாக்கவில்லை. சான்றிதழ் கொடுத்துத் தலையை எண்ணியாகிவிட்டதால், இனி அவர் தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

"காபி?"

"வேண்டாம்."

'ஆ' என்று அழுத்தினார். தவறான விடை. குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. ஆர்வோ நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்.

"காபி?"

மூன்றாம் தடவையும் அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.